ஓடிப்போய் ஒரு கை கொடுப்போம்: வாசகர் கேள்வி – பதில்

கூட்டாக ஓடுகிறவர்கள், போகும் இடத்தில் ஊருக்கு ஒரு வேலையும் செய்துவிட்டுத் திரும்பும் வழக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இலங்கை மலையகத்தின் பல பகுதிகளிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்து, அதையும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஹட்டனில் பதினொரு பேர். பெரும்பாலும் கடைகளில் வேலை செய்கிறவர்கள். இருவர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் டிக்கோயாப் பக்கம் ஓடித் திரும்புவோம். வழியில் நிற்கும் பெரியவர்கள், ‘இந்தப் பிள்ளைகளுக்கு வேறு வேலையே இல்லையா?’ என்று எங்கள் காதுபடவே கேட்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் போலச் செய்ய எங்களுக்கும் விருப்பம். எங்கே, எப்படித் தொடங்குவது?
– ஹட்டன் வாசகர்

பதில்: அந்தப் பெரியவர்களின் கேள்வியைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பி. கொழுந்துச் சுமையோடு நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்கியவர்களுக்கு உடம்பின் பலம் என்பது அன்றன்று கூலியாக மாற வேண்டிய ஒன்று. அதை ஒருவர் வேண்டுமென்றே தெருவில் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது அவர்களுக்கு விளங்காத காரியமாகத்தான் இருக்கும். ஏறக்குறைய இதே கேள்விதான் லண்டனில் ஐவோ கோர்ம்லி என்பவரின் மனத்திலும் எழுந்தது. உடற்பயிற்சிக் கூடங்களில் இத்தனை பேர் எடையைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைக்கிறார்களே, அந்தச் சக்தி யாருக்காவது பயன்பட்டால் என்ன என்று நினைத்தவர், தனியாக வாழ்ந்த ஒரு முதியவருக்கு ஓடிப்போய்ப் பத்திரிகை கொடுக்கத் தொடங்கினார். 2009ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில் அப்படிப் பிறந்த ‘குட்ஜிம்’ அமைப்பு இன்று பிரித்தானியாவின் பல நகரங்களில் இயங்குகிறது. மாலையில் ஓர் இடத்தில் கூடுகிறார்கள், ஓடிப்போகிறார்கள், ஒரு சமூகத் தோட்டத்தில் மண் சுமக்கிறார்கள் அல்லது உணவு வங்கியில் பொருள்களைத் தரம் பிரிக்கிறார்கள், மறுபடி ஓடித் திரும்புகிறார்கள். சுவீடனில் 2016 அளவில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் வேறொரு வழியைக் காட்டினார்: ஓடிக்கொண்டே வழியிலுள்ள குப்பையைப் பொறுக்குவது. பொறுக்குதலைக் குறிக்கும் சுவீடன் மொழிச் சொல்லையும் ‘ஜாகிங்’ என்பதையும் சேர்த்து அதற்குப் ‘பிளாக்கிங்’ என்று பெயர் வந்தது.

இவையெல்லாம் நமக்குப் புதியவை என்று நான் நினைக்கவில்லை. 1958இல் ஏ. டி. ஆரியரத்ன கொழும்பில் தம் மாணவர்களை ஒரு பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துப்போய்த் தொடங்கிய சர்வோதய இயக்கம், சிரமதானம் (உழைப்பைத் தானமாகக் கொடுப்பது) என்ற சொல்லை இந்த நாட்டின் எல்லா மொழிக்காரர் வாயிலும் வைத்துவிட்டது. தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு முன் பையன்கள் ஒன்றுகூடித் தேர் போகும் பாதையைச் செதுக்கித் துப்புரவாக்குவதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை, ஆனாலும் அது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஆகவே வேலை பழையது. அங்கே ஓடிப்போவது ஒன்றுதான் புதியது.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்பதில் தொடங்குங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் சேர்ந்து ஓடிய குழு, ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு வர்ணம் பூசுவது என்று தானாகவே முடிவெடுத்து, இரண்டு வாளி பெயின்ட்டை முதல்நாளே அனுப்பிவிட்டு, மறுநாள் உற்சாகமாக ஓடிப்போய் நின்றது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எங்களை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு, ‘சுவர் இருக்கட்டும் பிள்ளைகளா, பீலிக்கு இறங்குற படியை ஒருக்கா வந்து பாருங்க’ என்றார். போய்ப் பார்த்தோம். ஒன்பது படிகளில் நான்கு மண்ணோடு சரிந்திருந்தன, மீதியில் பாசி. ஓரத்தில் ஒரு கொய்யா மரம் நின்றது. தண்ணீர்க் குடத்தோடு ஏறும் பெண்கள் அதன் தாழ்ந்த கிளையைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்திருக்கிறார்கள். கை படுகிற அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் பட்டை முழுதும் தேய்ந்து, எண்ணெய் பூசியதுபோல் கிளை மினுங்கியது. எத்தனை வருடம், எத்தனை கை பட்டால் ஒரு மரம் அப்படி ஆகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது இன்னும் மறக்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் கல் சுமந்து படி கட்டினோம். பெயின்ட் வாளிகள் அதுவரை மூலையில் காத்திருந்தன.

எனவே ஓடுவதற்கு முந்திய வாரம் இருவர் நடந்தே போய், தோட்டத் தலைவரையும் ஆலயக் குழுவினரையும் முக்கியமாகத் தண்ணீர் சுமக்கும் பெண்களையும் கண்டு, ‘ஒரு மணித்தியாலத்தில் பத்துப் பேர் செய்து முடிக்கக்கூடிய வேலை இங்கே என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள். தோட்டக் காணி என்றால் தோட்ட அலுவலகத்திலும் சொல்லி அனுமதி பெறுவது அவசியம். வேலை சிறியதாக, அன்றே முடியக்கூடியதாக இருக்கட்டும். பாதியில் விட்ட வேலை, தொடாத வேலையைவிட ஊராருக்கு அதிகத் தொல்லை தரும். வேலைக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதால் மண்வெட்டி, அலவாங்கு, வாளி என்பவை அங்கேயே கிடைக்குமா என்று முன்கூட்டிக் கேட்டுவையுங்கள், அல்லது ஒருவர் முச்சக்கரவண்டியில் கொண்டுவரட்டும். பதினொரு பேருக்கு மூன்று மண்வெட்டி போதும். மற்றவர்கள் அள்ளவும் சுமக்கவும் இருப்பார்கள், முறை மாற்றிக்கொள்ளலாம்.

தூரம் அதிகம் வேண்டாம். போக இரண்டு மூன்று கிலோமீற்றர், வர அதே அளவு என்றால், நடுவில் வேலை செய்ய உடம்பில் தெம்பு மிஞ்சும். ஓடிப்போனதும் வியர்வையில் நனைந்த சட்டையோடு பனிமூட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே காலை நேரத்தில் உடம்பு சட்டென்று குளிர்ந்து தசை இறுகிவிடும். முதுகுப் பையில் ஒரு காய்ந்த சட்டை இருக்கட்டும். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கம் போகின்றன. ஆகவே நீங்கள் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். முன்னால் வருவது தெரியாத குறுகலான வளைவுகளில் ஓட்டத்தை நிறுத்தி நடந்து கடப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

கேள்வி: எங்கள் ஊரில் கான்கள் (வடிகால்கள்) அடைபட்டுக் கிடக்கின்றன. குழுவாகப் போய்த் துப்புரவாக்க நினைக்கிறோம். எலிக்காய்ச்சல் வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். உண்மையா?
– நாவலப்பிட்டி வாசகர்

பதில்: வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் அந்தக் கிருமி உயிரோடு இருக்கும்; கால் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடம்புக்குள் போய்விடும். கானில் இறங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணுங்கள். ஆபத்துள்ள வேலை செய்கிறவர்களுக்கு முற்காப்பு மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் உண்டு. தேவையா இல்லையா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, கையில் காயமுள்ளவர் மேலே நின்று வாளி வாங்குவது என்ற மூன்றையும் கட்டாயமாக்குங்கள். ஓடிவந்த சப்பாத்தோடு கானுக்குள் இறங்கவே கூடாது. வேலை முடிந்து ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கானில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் அவருக்கு மிக உதவும்.

ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதையும் பார்த்துவையுங்கள். துருப்பிடித்த தகரம் எந்தக் கானிலும் கிடக்கும்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. என் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து ஓட ஆசைப்படுகிறார்கள். ‘பெண் பிள்ளைகள் தெருவில் ஓடுவதா’ என்ற பேச்சுக்குப் பயந்து பெற்றோர் தயங்குகிறார்கள். ஊர்ப்பணி என்று சொன்னால் அனுப்புவார்களா? அப்படிச் சொல்வது சரியா?
– பண்டாரவளை வாசகி

பதில்: உண்மையாகவே பணி செய்யப் போவதென்றால் அப்படிச் சொல்வது சரிதான், ஓடுவதற்கு ஒரு சாக்காகச் சொல்வதென்றால் சரியல்ல, சில வாரங்களில் வெளுத்தும் போகும். ஆனால் என் அனுபவத்தில், நாலு பெண் பிள்ளைகள் ஓடிவந்து முன்பள்ளி வாசலில் புல் வெட்டிக்கொண்டிருப்பதை ஊரார் இரண்டு மூன்று தடவை கண்டுவிட்டால் பேச்சின் தொனி மாறுகிறது. முதலில் மாறுகிறவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள்தான். உடம்பு உழைப்பின் அருமை அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

நடைமுறையில் சில விடயங்களைக் கவனியுங்கள். முதல் மாதம் பாடசாலை மைதானத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் வேலையைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோரில் இருவரை வேலை நடக்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள். தளர்வான காற்சட்டை, முழங்கையை மூடும் சட்டை என்று பிள்ளைகளே பேசி முடிவெடுக்கட்டும். உடுப்பைப் பற்றி ஊரோடு வாதாடும் சக்தியை ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். யாரும் தனியாகப் பிந்தி நிற்காதபடி, மெதுவாக ஓடும் பிள்ளையை முன்னால் விட்டு அவளுடைய வேகத்தையே எல்லாருடைய வேகமாக்குங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் ஆரோக்கியத்துக்கும் ஏற்றது. உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. மண்வெட்டி பிடிக்கும் நேரத்தையும் அதில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இருள் பிரியுமுன் தேயிலை மலைகளின் ஊடாக ஓட வேண்டாம். சிறுத்தை தோட்டங்களுக்குள் நடமாடுகிறது. அது மனிதரைத் தேடி வருவதில்லை, ஆனால் அரை இருட்டில் திடீரென்று எதிரெதிரே படுவது இருவருக்கும் கெடுதல். குளவிக்கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்பதை அந்த மலையில் வேலை செய்கிறவர்களிடம் கேட்காமல் எந்தக் குறுக்குப் பாதையிலும் நுழையாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையையும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் மாணவிகளுக்கு அது ஓய்வு நாள். தோட்டத்துப் பெண்களுக்கு அது துவைக்கும் நாள், விறகு தேடும் நாள். அவர்கள் பீலியடியில் வரிசையாக நிற்கும் நேரத்தில் நாம் போய் அங்கேயே துப்புரவு செய்யத் தொடங்கினால் உதவி இடைஞ்சலாகிவிடும்.

கேள்வி: ஏற்றத்தில் சிரமமில்லை. நானுஓயாவிலிருந்து இறக்கத்தில் ஓடினால் மட்டும் இரண்டு நாளைக்கு முழங்காலும் தொடையும் வலிக்கின்றன. ஏன்?
– நானுஓயா வாசகர்

பதில்: ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது, இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கியபடி நீண்டுகொண்டே வேலை செய்கிறது. பழகாத தசையில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இந்த இரண்டாவது வகை வேலையில்தான், அதனால்தான் மறுநாள் வலி. எட்டுக்களைச் சிறிதாக வையுங்கள், குதிகாலை முன்னே நீட்டிக் குத்தாதீர்கள், செங்குத்தான இடத்தில் நடந்து இறங்குங்கள். குழு வேலைக்குப் போகும் நாளில் முடிந்தவரை போகும் வழி இறக்கமாகவும் திரும்பும் வழி ஏற்றமாகவும் இருக்கட்டும். குனிந்து நிமிர்ந்து களைத்த கால்களோடு இறக்கத்தில் ஓடுவதுதான் முழங்காலுக்கு மிகக் கெட்டது. வலி ஒரு வாரத்துக்கு மேல் நின்றாலோ மூட்டு வீங்கினாலோ வைத்தியரைக் காணத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: கான் வெட்டுவதும் பாதை திருத்துவதும் தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் செய்ய வேண்டிய வேலைகள். அதை நம் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சும்மா செய்துகொடுத்தால், பொறுப்பானவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட மாட்டார்களா? இருநூறு வருடம் மலிவாக உழைத்தது போதாதா?
– லிந்துலை வாசகர்

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது. உங்கள் கோபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலிருந்த 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிட நெடுங்காலம் முட்டுக்கட்டையாக இருந்தது; வாக்குப் போடும் உரிமை இருந்தும், அந்த வாக்கால் வந்த சபை நம் லயத்து வாசலுக்கு ஒரு தெருவிளக்குப் போட முடியாத நிலை. மலையக மக்கள் விடாமல் கேட்டு 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவை நம்முடைய தொண்டு மறுபடி சாத்திவிடக் கூடாது.

ஆகவே நான் எந்தக் குழுவுக்கும் சொல்வது இது. ஒருவர் சம்பளத்துக்குச் செய்கிற வேலையைத் தொடாதீர்கள். தேயிலை மலைக்குள் கான் வெட்டுவது ஒரு தொழிலாளியின் பேர், அதாவது ஒருநாள் வேலைக் கணக்கு; அதை நாம் ஓசியில் செய்தால் யாரோ ஒருவருடைய ஒருநாள் சம்பளம் போகிறது. பக்கச்சுவர் கட்டுவது, இடிந்த பாதையை மீட்பது போன்ற இயந்திரமும் பொறியியலாளரும் வேண்டிய வேலைகளையும் தொடாதீர்கள். அவை நம்மால் சரியாகவும் வராது. மிஞ்சுவது எது? தனியாக இருக்கும் பாட்டியின் வீட்டுக்கு விறகு பிளந்து அடுக்குவது, வாசிகசாலைப் புத்தகங்களைத் தூசி தட்டி ஒழுங்குபடுத்துவது, மயானத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மண்டிய புல்லை வெட்டுவது, முன்பள்ளி முற்றத்தில் ஊஞ்சலுக்குக் குழி தோண்டுவது. எந்தச் சட்டத்திலும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் வராத இந்த வேலைகள்தான் ஊரில் ஏராளமாகக் கிடக்கின்றன.

பொறுப்பானவர்கள் செய்ய வேண்டிய வேலை கண்ணில் பட்டால், குழு அதற்காக வேறொன்று செய்யலாம். திகதியோடு படம் எடுத்து, இடத்தைத் தெளிவாகக் குறித்து, அங்கே வாழ்கிறவர்களின் கையெழுத்தோடு கடிதம் எழுதிப் பிரதேச சபைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் வாரா வாரம் ஓடுகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது: கடிதம் கொடுத்து எத்தனை வாரம் ஆகியும் குழி அப்படியே இருக்கிறது என்பதைத் தம் காலாலேயே அளந்து, அடுத்த கடிதத்தில் எழுத முடியும். அந்தக் கடிதம் எழுதுவதையும் நான் ஊர்ப்பணி என்றே எண்ணுகிறேன்.

கேள்வி: சிவனொளிபாதமலைப் பருவ காலத்தில் நல்லதண்ணிப் பாதையில் ஓடி ஏறிக் குப்பை சேகரிக்கலாமா?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: சேகரியுங்கள், ஓடாதீர்கள். டிசம்பர்ப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் வரை அந்தப் படிகளில் கைக்குழந்தையோடும் ஊன்றுகோலோடும் அடியார்கள் ஏறுகிறார்கள். நான்கு சமயத்தவரும் தம்முடையது என்று வணங்கும் மலை அது. 2,243 மீற்றர் உயரத்தை எவ்வளவு விரைவில் தொட்டோம் என்று காட்டும் இடம் அதுவல்ல. மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வரை வீதியோரமாக வேண்டுமானால் ஓடிப்போங்கள். அடிவாரத்திலிருந்து ஆளுக்கொரு உரப்பையோடு நடந்து ஏறி, பொலித்தீனையும் போத்தலையும் இறங்கும்போது நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஏறும்போதே நிரப்பினால் சுமையோடு மேலே போக நேரும். உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் கையால் தொட வேண்டாம். இடுக்கி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சேகரித்த பைகளை எங்கே ஒப்படைப்பது என்பதை மஸ்கெலியாப் பிரதேச சபையோடு முன்பே பேசிவையுங்கள். மேலேயிருந்து கீழே கொண்டுவந்த குப்பை, அடிவாரத்தில் மழைபட்டு ஓடைக்குள் போய்ச் சேர்ந்தால் செய்த வேலைக்குப் பொருளில்லை.

கேள்வி: மண்சரிவுப் பகுதியில் இருக்கிறோம். மழைக் காலத்தில் எங்கள் ஓட்டக் குழு உதவ முடியுமா?
– ஹல்துமுல்லை வாசகர்

பதில்: 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பக்கத்திலிருந்து கண்ட ஊர் உங்களுடையது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகம் முழுவதையும் அதே அச்சத்தில் தள்ளியது. எனவே முதலில் சொல்ல வேண்டியது: கடும் மழையில் ஓடிப்போய் உதவ நினைக்காதீர்கள். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவையே பார்க்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். முதல் படியிலேயே குழுவின் ஓட்டம் இரத்து என்று எழுதி வைத்துவிடுங்கள்.

உங்களால் முடிந்த பெரிய உதவி மழைக்கு முன்பும் மழை விட்ட பின்பும் இருக்கிறது. வாரா வாரம் ஒரே பாதையில் ஓடுகிற கண்ணுக்கு மாற்றம் சீக்கிரம் தெரியும். நிலத்தில் புதிதாக ஒரு வெடிப்பு, நேராக நின்ற சவுக்கு மரம் சாய்ந்திருப்பது, தெளிந்து ஓடிய ஊற்று கலங்குவது அல்லது திடீரென்று நின்றுபோவது, வீட்டுக் கதவு சட்டத்தில் இறுகுவது ஆகியவற்றைக் கண்டால் உடனே கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அறிவியுங்கள். மழையில்லாத ஞாயிறுகளில், வெளியேறச் சொன்னால் எந்த லயத்திலிருந்து எந்தப் பாதுகாப்பு இடத்துக்கு எந்தப் பாதை என்பதை ஓடிப்பார்த்து, நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து வையுங்கள். இரவில் அறிவிப்பு வந்தால் அந்தப் பட்டியல் ஓர் உயிரைக் காக்கும்.

கேள்வி: தம்பி, எனக்கு 71 வயது. தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை, மகன்மார் கொழும்பில். இளம் பிள்ளைகள் ஓடிப்போவதை இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் திட்டத்தில் என்னைப் போன்றவருக்கு உதவி வாங்குவதைத் தவிர வேறு இடம் உண்டா?
– நமுனுகுலை வாசகர்

பதில்: உண்டு, ஐயா. முதல் பதிலில் சொன்ன அந்த லண்டன் அமைப்பில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடே உங்களைப் போன்றவர்களுக்கானதுதான். அங்கே ஓடுகிறவர் ஒருவர் வாரம்தோறும் குறித்த நாளில் தனியாக வாழும் ஒரு முதியவர் வீட்டுக்கு ஓடிப்போய், கொஞ்ச நேரம் பேசியிருந்துவிட்டுத் திரும்புகிறார். அந்த முதியவரை அவர்கள் ‘பயிற்சியாளர்’ என்று அழைக்கிறார்கள். யாரும் எதிர்பார்த்திராவிட்டால், மழை தூறும் காலையில் படுக்கையை விட்டு எழுந்து ஓட மனம் வராது. தமக்காக ஒருவர் வாசலில் காத்திருக்கிறார், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார் என்றால், கால் தானாக எழும்பும். ஓடுகிறவரை ஓட வைக்கிறவர் அந்த முதியவர்தான் என்பதால் அந்தப் பெயர் அவருக்கு முற்றிலும் பொருந்துகிறது.

உங்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. எந்த ஓடை எந்த மாதம் பெருகும், துரைமார் காலத்துக் கல்லுக்கான் எந்தப் புதருக்குள் மூடிக்கிடக்கிறது, எந்தக் குறுக்குப் பாதை பழைய சுடலையைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை. உங்கள் நினைவில் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் குழு எந்த வேலையை எடுப்பதென்று கேட்க முதலில் வரவேண்டிய வாசல் உங்களுடையது.

வருகிற பிள்ளைகளுக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். பிரித்தானியாவில் தனியாக முதியவர் வீட்டுக்குப் போகிறவரின் பின்னணியை முறைப்படி விசாரித்த பிறகே அனுப்புகிறார்கள். இங்கே அதற்குப் பதிலாக, தோட்டத் தலைவருக்கும் உங்கள் மகன்மாருக்கும் தெரிந்த பிள்ளைகளாக, எப்போதும் இருவராக வரட்டும். பணம், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடிதம் எதையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். அவர்களும் கேட்கக் கூடாது. தண்ணீர் எடுத்துத் தருவது, மருந்துக் கடைக்குப் போய்வருவது, கண் மங்கியிருந்தால் கடிதம் வாசித்துக் காட்டுவது ஆகியவற்றை மனம் கூசாமல் சொல்லுங்கள். காலில் வீக்கம் இருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்; அதை வைத்தியசாலையில் காட்டும் நாளில் அந்த இருவரும் கூட வரலாம்.

பசறைப் பக்கத்தில் ஓடும் ஒரு குழுவினர் சென்ற இதழைப் படித்துவிட்டு எனக்கு எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குச் சம்மதம் என்றால் ஒரு வரி எழுதியனுப்புங்கள். அதன் பிறகே உங்கள் முகவரியை அவர்களிடம் கொடுப்பேன். அவர்கள் வரும் நாளையும் நேரத்தையும் குறித்துவைக்க ஒரு பழைய கொப்பியும் பென்சிலும் இஸ்தோப்பில் இருக்கட்டும்.